துபாய் மரீனாவில் குடும்பத்தோடு குடியிருக்கலாமா? திருமலையில் (திருகோணமலையில்) இருந்து போகிறோம்

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்குத் துபாய் மீடியா சிட்டியில் வேலை உறுதியாகிவிட்டது. அவர் முதலில் போய்விடுவார், நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த வருடப் பள்ளிக்கூடம் முடிந்ததும் போவதாக இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மாமியும் விசிட் விசாவில் வந்து கொஞ்ச நாள் நிற்பார். வாடகைக்கென்று கம்பனி வருடத்துக்கு ஒரு தொகை தருகிறது, வீட்டை நாங்களேதான் பார்த்து எடுக்க வேண்டும். அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் கராமா, அல் நஹ்தா, இல்லாவிட்டால் ஷார்ஜா என்கிறார்கள். இவர் மட்டும் துபாய் மரீனாதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கந்தோருக்குக் கிட்ட, கடலுக்குக் கிட்ட, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் இருக்கிறது, நடக்க இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

படங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஐம்பது அறுபது மாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கின்றன, நடுவே வாய்க்கால் மாதிரித் தண்ணீர், அதில் வெள்ளை வெள்ளையாகப் படகுகள். கடலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பின்னேரம் பிள்ளைகளை ஊரில் டச் பே கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கால் நனைக்க விட்டு, கச்சான் வாங்கிக் கொடுத்து, இருட்டும்வரை மண்ணில் இருந்து பழகிய ஆள் நான். அங்கே பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா? மாமிக்கு முழங்கால் வருத்தம், அவரால் வெளியே போய்வர முடியுமா? நல்ல மீன் கிடைக்குமா, கோயில் எவ்வளவு தூரம்? வாடகைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்? அங்கே இருந்தவர்கள், வேலை செய்தவர்கள் உண்மையை அப்படியே சொல்லுங்கள். அழகாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அதைத் தவிர மற்றது எல்லாம் வேண்டும்.


அல்லைத்தோட்டத்து அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் திருமலைதான், கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து மரீனாவில் ஒரே கட்டடத்தில் இருக்கிறேன், பிள்ளைகளையும் இங்கேதான் வளர்க்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தத் தண்ணீர். அது கடல் தண்ணீர்தான், ஆனால் கடல் இல்லை. கரைக்கு உட்பக்கம் பாலைவன மண்ணைத் தோண்டி, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி, இரண்டு முனையிலும் கடலுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதன் இரண்டு கரையிலும்தான் இந்தக் கட்டடங்கள். கால்வாயில் யாரும் குளிக்க ஏலாது, இறங்கினால் காவலாளி ஓடி வருவார். கரை முழுக்கக் கல்லுக் கட்டியது, படி இறங்கிக் கால் நனைக்கிற மாதிரி இடமே இல்லை. உண்மையான கடற்கரை ஜேபிஆர் என்கிற கட்டட வரிசைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில் இருந்து பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு பதினைந்து நிமிட நடை. அது எல்லோருக்கும் பொதுவான கடற்கரை, காசு இல்லை, குளிக்கும் இடம் வரைந்து கயிறு கட்டி, உயிர்காப்பாளர் நிற்பார். வெள்ளை மண், அலை மிகக் குறைவு. கோடையில் அந்தத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், பிள்ளைகளுக்குக் குளித்த மாதிரியே இருக்காது. உப்பும் நம் கடலை விடக் கூட, கண் எரியும்.

நடக்கிற பாதைதான் இந்த இடத்தின் பெரிய சொத்து என்பேன். தண்ணீரை ஒட்டி இரண்டு கரையையும் சுற்றி ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை போகிறது, வாகனம் குறுக்கே வராது, கேட் இல்லை, டிக்கெட் இல்லை. அங்கே வீடு உள்ளவனும் நடக்கலாம், சத்வாவில் எட்டுப் பேரோடு ஒரு அறையில் இருக்கும் தம்பியும் லீவு நாளில் வந்து நடக்கலாம். உங்கள் மாமிக்கு இது நல்லது, ஏனென்றால் தளம் சமம், இடையிடையே வாங்கு போட்டிருக்கிறார்கள், லிப்டால் இறங்கினால் நேரே பாதைதான். என் அம்மா வந்து நின்றபோது காலையில் ஆறு மணிக்குத் தனியாகவே போய் நடந்துவிட்டு வருவார். வீதி கடக்கத் தேவையில்லாததால் எனக்கும் பயம் இருக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் நவம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் சொல்கிற கதை. மே மாதம் தொடங்கினால் வெயில், ஓகஸ்டில் இரவு ஒன்பது மணிக்கும் கதவைத் திறந்தால் முகத்தில் நீராவி அடிக்கும். கண்ணாடி போட்டவர்கள் வெளியே வந்த உடனே ஒன்றும் தெரியாமல் நின்று துடைக்க வேண்டும். ஜூன் 15 இல் இருந்து செப்டெம்பர் 15 வரை மத்தியானம் 12:30 முதல் 3 மணி வரை வெளி வேலை செய்விக்கக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் வைத்திருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். அந்த மாதங்களில் பிள்ளைகளின் வாழ்க்கை வீடு, மோல், கட்டடத்தின் உள் விளையாட்டறை, அவ்வளவுதான். நம் ஊர்த் தென்மேற்குக் கச்சான் காற்றில் வேர்த்து வளர்ந்தவர்களுக்கும் இது வேறு மாதிரி.

பயணம் வசதி. மீடியா சிட்டி என்றால் உங்கள் கணவர் கொடுத்து வைத்தவர், டிராம் நேரே அங்கே போகும். 2014 நவம்பரில் இருந்து ஓடுகிறது, 11 நிலையம், நிலையத்துக்கே ஏசி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பகுதி உண்டு. மெட்ரோவுக்கும் அதிலேயே போய் மாறலாம். உள்ளே பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் 100 திர்ஹம் தண்டம், அதை மட்டும் நினைவில் வையுங்கள். கால்வாயிலேயே பொதுப் போக்குவரத்துப் படகும் இருக்கிறது, ஒரு கரையில் இருந்து மறு கரைக்குப் போக, மோலுக்குப் போக. என் மகனுக்கு அதுதான் கிண்ணியாத் துறை போட் என்று நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம். பாலம் கட்ட முதல் நாங்கள் அந்தத் துறையில் நின்ற காலத்தை அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்க முடிகிறது.

மீனுக்குத் தேரா வோட்டர்பிரண்ட் சந்தை. மரீனாவில் இருந்து தூரம், போய்வரவே அரை நாள். ஆனால் அறக்குளா, விளைமீன், களவா, இறால், நண்டு எல்லாம் கிடைக்கும், அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தருவார்கள். நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து வைப்போம். மரீனா சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் மீன் விலையும் கூட, ருசியும் இல்லை. கறித்தூள், மாசி, சம்பா அரிசி, பனங்கட்டி எல்லாம் கராமாவிலும் பர்துபாயிலும்தான். கோயிலுக்கு இப்போது ஜெபல் அலி கிட்ட, 2022 இல் திறந்தார்கள், டக்ஸியில் போய்வரலாம். வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு நடந்து போய் அர்ச்சனை செய்துவிட்டு வருகிற வாழ்க்கை இங்கே இல்லை, அதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. இங்கே அக்கம்பக்கம் என்பது கிடையாது. லிப்டில் பார்த்துச் சிரிப்பார்கள், அடுத்த வருடம் வேறு ஆள் அந்த வீட்டில் இருப்பார். எனக்குச் சுகமில்லாமல் போனபோது கராமாவில் இருந்து சொந்தக்காரப் பிள்ளை வந்துதான் கஞ்சி வைத்தாள். உங்களுக்கு ஆட்கள் தேவை என்றால் அந்தப் பக்கம்தான் சரி, பிள்ளைகள் ஓட இடம் தேவை என்றால் இந்தப் பக்கம். இரண்டும் ஒரு இடத்தில் நான் காணவில்லை.


வெள்ளைமணல் காரன் எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். நான் இங்கே ஒரு சுற்றுலாப் படகில் வேலை செய்கிறேன், வீடு ஊரில் வெள்ளைமணல். குடும்பத்தோடு மரீனாவில் இருந்ததில்லை, அல் குவோஸில் கம்பனி அறையில் இருக்கிறேன். ஆனால் பகல் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் என் பிழைப்பு. தண்ணீர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மேலே நின்று பார்த்தால் படகுகள் சும்மா கட்டிக் கிடக்கிற மாதிரித்தான் இருக்கும். ஒவ்வொரு படகுக்கும் அளவு பார்த்து ஒரு இடம், அதைப் பேர்த் என்போம், அடிக்கணக்கில் வருட வாடகை. நாங்கள் நடக்கிற மிதக்கும் பலகைப் பாதை பொன்டூன், அது பெரிய இரும்புத் தூண்களில் வளையம் போட்டுக் கட்டியிருக்கும், வற்று பெருக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதில் இடுப்பளவு உயரத்தில் பெட்டிகள் நிற்கும், அதில்தான் படகுக்கு மின்சாரமும் குடிதண்ணீரும். ஏசி ஓட வேண்டும் என்பதால் அந்த வயரைக் கழற்றவே மாட்டார்கள். கழிவுநீரைக் கால்வாயில் விட்டால் பெரிய பிரச்சினை, உறிஞ்சி எடுக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. காலையில் குப்பை அள்ளும் சின்னப் படகு ஒன்று ஓரமாகவே போய் மிதக்கிற போத்தல், கடதாசி எல்லாம் எடுக்கும். தண்ணீர் கெடாமல் இருப்பதற்கு இந்த வேலையும் காரணம், இரண்டு பக்கமும் கடல் வாய் இருப்பதும் காரணம். பெருக்கு ஒரு பக்கத்தால் ஏறி மறு பக்கத்தால் ஓடி மாறுகிறது. மீன் நிறைய இருக்கிறது, வெளிச்சத்துக்கு இரவில் கூட்டமாக வரும். திமிங்கிலச் சுறா ஒன்று வழி தவறி உள்ளே வந்து கட்டடங்களுக்கு நடுவே நீந்தியதை ஆட்கள் மேலே நின்று வீடியோ எடுத்துப் போட்டது உங்களுக்கும் வந்திருக்கும். ஆசைப்பட்டுத் தூண்டில் கொண்டு வந்துவிடாதீர்கள், துபாயில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கவும் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும்.

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி இரவுகளில் பார்ட்டிப் படகுகள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். கால்வாய் இரண்டு பக்கமும் சுவர் என்பதால் சத்தம் மேலே ஏறும், இருபதாம் மாடிக்கும் கேட்கும் என்று அங்கே இருப்பவர்கள் எங்களிடமே வந்து முறையிடுவார்கள். தண்ணீர் பார்த்த பல்கனிக்குத்தான் வாடகை கூட. சின்னப் பிள்ளை இருக்கிறது, நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்றால் வீதிப் பக்கத்து வீடும் பாருங்கள் அக்கா. பல்கனியில் இருந்து பார்ப்பதை ஒரு மாதத்தில் மறந்துவிடுவீர்கள், கீழே இறங்கி நடப்பதைத்தான் ஒவ்வொரு நாளும் செய்வீர்கள்.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன், கால்வாயின் தென்மேற்கு முனையில் மஸ்ஜித் அல் ரஹீம் இருக்கிறது. தண்ணீர்க் கரையிலேயே. ஜும்ஆவுக்கு இடம் பிடிக்க நேரத்தோடு போக வேண்டும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

செலவுப் பக்கம் மட்டும். விளம்பரத்தில் இருக்கும் வாடகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் சகோதரி. முதல் நாளே கையில் இருந்து போவது: தரகருக்கு வருட வாடகையில் வழக்கமாக 5 வீதம், வைப்புப் பணம் தளபாடம் இல்லாத வீட்டுக்கு 5 வீதம், தளபாடத்தோடு என்றால் 10 வீதம். மின்சாரம், தண்ணீர் தருகிற தேவா என்கிற அரச நிறுவனத்திடம் பிளாட் என்றால் 2000 திர்ஹம் வைப்பு. மாதாமாதம் அந்த பில்லில் மாநகரசபையின் வீட்டுக் கட்டணம் என்று வருட வாடகையின் 5 வீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துச் சேர்ப்பார்கள், அது தெரியாமல் முதல் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறவர்கள் நிறைய. மரீனாவில் இன்னொன்று குளிரூட்டல். பல கட்டடங்களில் ஏசிக்கான குளிர் தண்ணீர் வெளியே ஒரு பொது நிலையத்தில் இருந்து குழாயில் வருகிறது, அதற்குத் தனிக் கம்பனி, தனி பில், தனி வைப்பு. நீங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தாலும் நிலையான ஒரு தொகை ஓடும். "சில்லர் ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை கொஞ்சம் கூடவாக இருந்தாலும் நான் அப்படிப்பட்டதைத்தான் எடுப்பேன், ஜூலை மாதத்தில் என்ன வரும் என்ற யோசனை இல்லை.

வாடகையை வருடம் முழுவதற்கும் பின்வரும் திகதிகள் போட்ட காசோலைகளாக முன்கூட்டியே கேட்பார்கள். ஒரே காசோலை என்றால் பேரம் பேசலாம், நான்கு சாதாரணம். கம்பனி தொகையை எப்படித் தருகிறது, ஒரேயடியாகவா மாதாமாதமா என்பதை உங்கள் கணவர் இப்போதே எழுத்தில் வாங்கட்டும். மாதாமாதம் தருகிறார்கள் என்றால் முதல் காசோலைக்குக் கடன்தான் வாங்க வேண்டி வரும். ஒப்பந்தத்தை இஜாரி என்கிற அரச வாடகைப் பதிவில் பதிய வேண்டும், அது இல்லாமல் உங்கள் விசா வேலையும் இழுபடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை வீட்டுக்காரர், வீட்டை விற்கப் போகிறேன், இரண்டு மாதத்தில் வெளியேறு என்று வெருட்டினார். சட்டப்படி அதற்குப் பன்னிரண்டு மாத அறிவித்தல், அதுவும் நொத்தாரிசு வழியாக அல்லது பதிவுத் தபாலில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைக் காட்டியதும் ஆள் அடங்கிவிட்டார்.

பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மரீனாவுக்கு வெளியே, பஸ்ஸில்தான் போக வேண்டும், பஸ் காசு தனி. கேஎச்டிஏ என்கிற அரச அமைப்பு பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்துப் போட்ட தரங்களை வெளியிட்டிருக்கிறது, கட்டணமும் அதிலேயே பார்க்கலாம். பிரித்தானியப் பாடத்திட்டத்தோடு பார்த்தால் இந்தியப் பாடத்திட்டம் மலிவு. வீட்டைப் பார்க்க முதல் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள், மகளுக்கு இடம் கிடைக்கும் பள்ளிக்கூடத்தின் பஸ் மரீனாவுக்கு வருமா என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.


என்சி ரோட் பெடியன் எழுதியது:

கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு ஆதங்கம் வருகிறது. துபாய்க்காரன் பாலைவனத்தைத் தோண்டித் தண்ணீர் விட்டு இதைச் செய்திருக்கிறான். கொழும்பில் கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் போர்ட் சிட்டி, அதிலும் மரீனா உண்டு. நமக்கு உலகமே பேசுகிற இயற்கைத் துறைமுகம் சும்மா கிடக்கிறது. உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தால் குளம் மாதிரித் தண்ணீர். அதில் ஒரு மரீனா வந்தால் நம் பெடியன்கள் ஏன் அல் குவோஸில் அறை எடுத்து இருக்க வேண்டும்? வெள்ளைமணல் அண்ணா ஊரிலேயே அதே வேலையைச் செய்யலாமே.


நிலாவெளி போட் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது வெளியே இல்லை, இதுதான் எனக்கும் உள்ளே இருக்கிற கேள்வி. நான் வளைகுடாவில் படகு வேலை செய்துவிட்டு வந்து இப்போது நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிறேன். அப்பா கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பாய்மரப் படகுகள் இப்போதும் திருமலைக்கு வருகின்றன. வருடத் தொடக்கத்தில், வாடைக் காற்றைப் பிடித்துக்கொண்டு மலேசியா, தாய்லாந்து பக்கம் இருந்து புறப்பட்டு, மாலைதீவுக்கோ செங்கடலுக்கோ போகிற வழியில் உட்துறைமுகத்தில் நங்கூரம் போடுவார்கள். அவர்களுக்குத் தேவை ஒன்றும் கண்ணாடிக் கட்டடம் இல்லை. சின்னப் படகைக் கட்டிவிட்டு ஊருக்குள் போக ஒரு பாதுகாப்பான இடம், குடிதண்ணீர், டீசல், காஸ் சிலிண்டர் நிரப்ப, உடுப்புக் கழுவ, இன்ஜின் பார்க்கத் தெரிந்த ஒரு பெடியன். இதற்கு ஒரு மிதக்கும் பொன்டூனும் ஒரு சின்னக் கட்டடமும் போதும். உள்ளே வரும் படகு ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்துத்தான் காகித வேலை முடிக்க வேண்டும், துறைமுக அதிகாரசபை, கடற்படை, சுங்கம், குடிவரவு என்று. அந்த வேலை இலகுவானால் நிற்கிற நாளும் கூடும், ஊருக்குள் செலவழிக்கிற காசும் கூடும்.

உட்துறைமுகத்தில் இன்னொரு பெரிய லாபம், அலைத்தடுப்புச் சுவர் தேவையில்லை. மலையும் தீவும் மறைத்து நிற்கின்றன. ஆனால் சில பேர் டச் பேயிலும் உப்புவெளியிலும் கட்டலாம் என்று கதைக்கிறார்கள், அங்கேதான் நான் மறுக்கிறேன். மாரியில் வாடைக் கடல் அந்தக் கரையில் எப்படி அடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே படகு நிறுத்த வேண்டும் என்றால் கடலுக்குள் கல்லைப் போட வேண்டும். கல்லைப் போட்டால் கரையோடு நகர்கிற மணல் ஒரு பக்கம் குவியும், மறு பக்கம் அரிக்கும். ஒலுவிலைப் போய்ப் பாருங்கள். 2013 இல் துறைமுகத்தைத் திறந்தார்கள், வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையில் தென்னையும் காணியும் கடலுக்குள் போனது, மீன்பிடிக்கிற சனம் இன்றுவரை அதைச் சொல்லி அழுகிறது. நம் மாகாணத்திலேயே நடந்ததைப் பார்த்த பிறகும் நாம் அதையே செய்யக் கூடாது.

அடுத்தது தண்ணீர். வெள்ளைமணல் தம்பி சொன்ன இரண்டு வாய்க் கதையை நன்றாகக் கவனியுங்கள், இந்த விஷயத்தில் அதுதான் முக்கியம். துபாயில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருக்கிறது, அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நம் பக்கத்தில் அது ஒரு மீட்டரும் இல்லை. இங்கே ஒரு குளம் மாதிரித் தோண்டி ஒற்றை வாய் வைத்தால், மழைக்கு டவுன் வடிகான் தண்ணீர் எல்லாம் வந்து விழுந்து, எண்ணெயும் சேர்ந்து அப்படியே தேங்கி நாறும். துபாயைப் பார்த்து உயரத்தைக் காப்பியடிக்கிறவர்கள் இதைப் படம் வரையும்போது யோசிப்பதில்லை. மிதக்கும் பொன்டூன் என்றால் திறந்த தண்ணீரில் நிற்கும், தேங்காது.

கரையில் இருந்து தரைப் பக்கம் 300 மீட்டர் வரைக்கும் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கிறது, 1981 ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதி இல்லாமல் ஒன்றும் கட்ட முடியாது. அந்த அனுமதிக் காகிதம் வரும்போது வலை இழுக்கிற கரைவலைப் பாடு எங்கே, மீனவர் குடிலான வாடி எங்கே, திருக்கடலூர்க்காரர் போட் இழுத்து ஏற்றுகிற மண் எங்கே என்று யாராவது ஒருவர் நின்று குறிக்க வேண்டும். கரைவலைக்கு நீளமான, கல்லில்லாத கரை தேவை. நடுவில் ஒரு ஹோட்டல் சுவர் வந்தாலே பாடு போய்விடும், இது எங்கள் பக்கத்தில் கண்ணால் கண்டது.

எனக்குத் துபாய் மரீனாவில் பிடித்தது அல்லைத்தோட்டத்து அக்கா சொன்ன அந்தப் பாதைதான். கோடிக்கணக்கில் வீடு விற்ற இடத்திலும் தண்ணீர்க் கரையை விற்கவில்லை, எல்லோருக்கும் விட்டிருக்கிறார்கள். கொழும்பு போர்ட் சிட்டியிலும் 2022 இல் மரீனா நடைபாதையைச் சனத்துக்குத் திறந்தார்கள். திருமலையில் எது வந்தாலும் முதல் வரியில் அதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: கரை எல்லோருக்கும், மீன்பிடி போட்டுக்கும் அதே பொன்டூனில் இடம், அதே டீசல் பம்ப். இது இல்லாமல் வருகிற மரீனா எனக்கு வேண்டாம். வேலை வரும் என்கிறீர்கள், வரும்தான், ஆனால் கரையை இழந்தவனுக்கு அங்கே படகு கழுவுகிற வேலைதான் கிடைக்கும்.


என்சி ரோட் பெடியன் எழுதியது:

அண்ணா, கரை எல்லோருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று இருந்து இருந்துதான் நாம் இப்படி நிற்கிறோம். உட்துறைமுகத்தில் சின்னதாக, மிதக்கிறதாக, நீங்கள் சொன்ன மாதிரித் தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. இதைத் தனி இழையாகப் போடுகிறேன், வாருங்கள்.


உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவரையும் இருத்தி வாசிக்க வைத்தேன். அவர் பாதை பற்றி வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார், நான் கஞ்சிக் கதையை வாசித்துவிட்டு யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தை முதலில் பார்ப்பது என்று இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டோம்.

கடைசியாக ஒரு கேள்வி. அங்கே உயரமான கட்டடங்கள் தீப்பிடித்த செய்தி பார்த்திருக்கிறேன், மாமி அதைச் சொல்லியே பயப்படுகிறார். அது உண்மையிலேயே எவ்வளவு பயப்பட வேண்டிய விஷயம்?


அல்லைத்தோட்டத்து அக்கா எழுதியது:

மாமி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டோர்ச் டவர் 2015 பெப்ரவரியிலும் 2017 ஓகஸ்டிலும் இரண்டு தடவை எரிந்தது, 2025 ஜூனில் மரீனா பினக்கிள் எரிந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை இரவோடு இரவாக இறக்கினார்கள். மூன்றிலும் உயிர் போகவில்லை, ஆட்களை வெளியே எடுப்பதில் இங்கே தீயணைப்புப் படை கெட்டிக்காரர். டோர்ச்சில் தீ வேகமாக ஏறியதற்கு வெளிச்சுவரில் ஒட்டும் அலுமினியத் தகட்டின் நடுவே இருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் காரணமாகச் சொன்னார்கள், அதற்குப் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். ஆனால் பழைய கட்டடங்கள் எல்லாவற்றிலும் தகடு மாற்றவில்லை. எனவே வீடு பார்க்கும்போது தரகரிடம் கேட்காமல் கட்டட நிர்வாகக் கந்தோரிலேயே போய், தகடு என்ன, மாற்றியதா, கடைசியாகத் தீப் பயிற்சி எப்போது வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தால் அந்தக் கட்டடம் வேண்டாம். படிக்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள், சைக்கிளும் பழைய மெத்தையும் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று.

மணி அடித்தால் லிப்ட் நின்றுவிடும், அப்போது மாமி படியால்தான் இறங்க வேண்டும். அதனால் பத்தாம் மாடிக்குக் கீழே எடுங்கள். வாடகையும் குறையும். தண்ணீர் அவ்வளவு தெரியாது, பரவாயில்லை. வீட்டுச் சாமானுக்கு ஒரு காப்புறுதி போட்டுவிடுங்கள், வருடத்துக்குப் பெரிய காசில்லை, வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் சாமானுக்கு ஒரு சதமும் தராது.

அப்புறம் உங்கள் கணவர் வீடு பார்க்கப் பகலில் ஒருமுறையும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் போகட்டும். பகலில் தரகர் வீட்டைக் காட்டுவார், இரவில் அந்தப் படகுச் சத்தமும் கீழே வாகன நெரிசலும் தானாகத் தெரியும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 16 துபாயில் வெள்ளம் போட்ட அந்த மழைக்குத் தண்ணீர் ஏறியதா என்று காவலாளியைக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்வார். வீடு எடுத்த பிறகு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் தங்கச்சி, முதல் வாரம் சமையல் தொடங்கும்வரை சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன்.